சோடாக்காரர் காரின் கட் அவுட்

சித்தூர் மிஷன் சபையில் சாந்தகுமார் அளவுக்குச் சத்தமாகப் பாடுகிறவர் வேறு யாரும் கிடையாது. கடைத்தெருவில் கோலி சோடா கம்பெனி வைத்திருந்தார். அறுபத்தாறில், சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் பழைய மோரிஸ் கார் அவர் கைக்கு வந்தது. டாக்டர் அதில் ஆசையாக ஒரு புளோயர் பொருத்தியிருந்தார். எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற சாமான் அது. சின்ன கார்தான், ஆனால் மேட்டில் லாரிகளைப் பின்னால் விட்டுவிடும்.

சாந்தகுமாருக்கு அதுவும் போதவில்லை. உள்ளே அத்தனை காற்றைத் திணித்துவிட்டு, வெளியே போகிற புகையை மட்டும் சைலன்ஸருக்குள் நெருக்கியடித்து அனுப்புவது அநியாயமாகப் பட்டது. சோடா பாட்டிலில் கோலியைத் தட்டினால் கேஸ் எப்படிச் சீறிக்கொண்டு வருகிறது! வெல்டரைப் பிடித்து, சைலன்ஸருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு வாய் திறந்து மூடி போடச் செய்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கம்பியை இழுத்தால் மூடி திறக்கும், புகை நேரே வெளியேறும். இதற்குப் பெயர் கட் அவுட் என்று அவர் சொன்னபோது, எந்த நடிகருடையது என்று சபையார் கேட்டார்கள்.

திறந்தால் இடி இடித்தது. பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் வண்டியின் மாடுகள் மிரண்டு வண்டியையே சாய்த்துவிட்டன. சாந்தகுமார் இறங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாங்காய் பொறுக்கிக் கொடுத்தார். ஆனாலும் கார் பறக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பறப்பது சத்தம்தான் என்றாள் மனைவி லோயிஸ்.

மறு வருஷம் மே மாதம் லோயிஸின் தங்கை ஞானமணிக்குத் திருப்பதியில் கல்யாணம். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார்கள். பாகாலா தாண்டி ஒரு மேட்டில் கார் திணறியது. சாந்தகுமார் கம்பியை இழுத்தார். முழக்கம் கூடியது, வேகம் கூடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பால்காரர் ஒருவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தபடியே தாண்டிப் போனார்.

"அத்த மூடுங்க," என்றாள் லோயிஸ். "உள்ள இன்னாவோ கத்திக்கினு கீது."

"மூடினா இருக்கிற இழுப்பும் பூடும்."

"மூடித்தான் பாருங்களேன்."

மூடினார். முழக்கம் அடங்கியதும் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தித் திறந்து பார்த்தால் பெல்ட் தொய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புளோயர் பேருக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாளாகக் கத்தியதோ, இடி முழக்கத்தில் அவர் காதுக்கு எட்டவேயில்லை. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவருக்கு. கல்யாணப் பெண் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, பெல்ட்டை இறுக்கினார். கார் சத்தமில்லாமல் மேடேறிவிட்டது. பாதிரியார் வருவதற்கு முன்பே கோயில் வாசலில் இருந்தார்கள்.

கேள்வி மட்டும் மனசில் நின்றது. பெல்ட் சரியாக இருக்கும்போது கட் அவுட்டால் பலன் உண்டா, இல்லையா? அடுத்த வாரம் லோயிஸையே பக்கத்தில் உட்கார வைத்து, அதே மேட்டில் ஒரு முறை மூடியும் ஒரு முறை திறந்தும் ஏறினார். மெதுவாகப் போகையில் ஒரு வித்தியாசமும் இல்லை. எஞ்சின் அலறுகிற அளவுக்கு மிதித்தால்தான், திறந்தபோது வேகமுள் ஒரு மயிரிழை கூடுதலாக ஏறியது.

"கூடுதா இல்லியா?" என்றார்.

"கூடுதுதான்," என்று லோயிஸ் ஒப்புக்கொண்டாள். "அதுக்கு ரெண்டு காதையும் குடுக்கணுமே."

அதன் பிறகு, லாரிக்கும் அப்படி ஒரு வாய் வைக்கலாமா என்று கேட்டு வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். பலரும் முகம் வாடித் திரும்பினார்கள். நகரி லாரிக்காரர் சின்னப்பன் மட்டும் இழுப்பு கூடாவிட்டால் பரவாயில்லை என்றார். "தெருமுனைல சத்தம் கேட்டாப் போதும்ணே, ஊட்ல சோறு போட்டு வெச்சிடுவா."

சாந்தகுமார் ஒரு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, வெல்டர் கடைக்குத் தானே அழைத்துப் போனார்.