ஏகாம்பரத்தின் இடது கன்னம்

இடது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறார் ஏகாம்பரம். ஒரு கையில் செல்போன் டார்ச்சும் மறு கையில் கரண்டியுமாக அவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார் மனைவி ராணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ராணிக்குச் செக்கிங் வேலை. இரும்புச் சாமானில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுகிற கண். அந்தக் கண் கன்னத்தின் உள்பக்கத்தை மேலும் கீழும் மேய்ந்துவிட்டு வர, "பாஸ். மூடு" என்கிறார். அதற்கப்புறம்தான் ஏகாம்பரம் யூனிபார்ம் சட்டையை மாட்டுவார். காட்டுப்பாக்கத்து வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஆவடி ஒண்ணு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், இவர் காசைப் பார்ப்பதில்லை, பல்லைத்தான் பார்ப்பார். "நைனா, கடவாப்பல்லு கறுத்துக்கினு கீது. நோவு வர்றதுக்குள்ள போய்க் காட்டு" என்று டிக்கெட்டோடு சேர்த்து ஒரு புத்திமதியும் கிழித்துக் கொடுப்பார். பெண்களிடம் மட்டும் வாயைக் கட்டிக்கொள்வார். அந்த மட்டும் மரியாதை தெரிந்த மனுஷர். சிலர் சண்டைக்கே வந்துவிடுவார்கள், என் பல்லைப் பற்றி உனக்கென்னய்யா என்று. ஏகாம்பரத்துக்குக் கோபமே வராது. ஒரு காலத்தில் இவர் பேசிய பேச்சும் அதுதானே.

அப்போதெல்லாம் இடது கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அடங்கியிருக்கும். ஒரு பொங்கல் முடிந்த கையோடு பல்வலி வந்து, பஸ் போகும் வழியிலேயே பருத்திப்பட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இருக்கிற டாக்டர் நிஷாவிடம் போனார். அந்தம்மா சொத்தையை அடைத்துவிட்டு, புகையிலையை விடச் சொன்னார். வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். முதலாவதை இவர் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாவதைப் பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "நோவே இல்லாம டாக்டராண்ட போயி வாயைத் தொறந்துகினு உக்கார நான் இன்னா முதலையா?"

ராணி சிரிக்கவில்லை. தைக்குப் பிறகு ஆறு மாதமென்றால் ஆடி என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார் நச்சரிப்பை. தட்டில் சோறு விழும்போதெல்லாம் பல் டாக்டர் பேச்சும் கூடவே விழுந்தது. தொல்லை தாங்காமல்தான் ஏகாம்பரம் போனார். பல்லைப் பார்க்க வேண்டிய டாக்டர், பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புகையிலை அடக்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வருகிற வரைக்கும் பஸ்ஸில் விசில் சத்தம் மட்டும்தான் கேட்டது. கம்பெனியில் ராணி நல்ல சாமானையெல்லாம் ஓரமாகப் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் புற்று இல்லை என்று வந்தது. ஆனால் அப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். "நல்ல நேரத்துல வந்தீங்க. இது வலிக்கவே வலிக்காது. வலிச்சப்புறம் வந்திருந்தா பேச்சே வேற" என்றார் டாக்டர். ஏகாம்பரம் படியிறங்கி வந்து, பாக்கெட்டிலிருந்த பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டார். போட்டது போட்டதுதான்.

புகையிலை போன வாய் சும்மா இருக்குமா? விசிலைக் கடிக்க ஆரம்பித்தது. ஏறினால் கடி, இறங்கினால் கடி. சொன்னபடி மூன்று மாதம் கழித்துப் போனபோது, முன்பல் ஓரம் தேய்ந்திருக்கிறதே, ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டார் டாக்டர். இவர் குற்றவாளிபோலப் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினார். "இத்தையும் உட்டுடணுமா மேடம்?" என்று கேட்ட குரலைக் கேட்டு அந்தம்மா சிரித்துவிட்டார். ஊதலாம், கடிக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

ஊருக்கெல்லாம் ஆறு மாதம், எனக்கு மட்டும் ஏன் மூன்று மாதம் என்று அப்போது முறுக்கியும் பார்த்தார். எல்லா வாய்க்கும் ஒரே கணக்கு இல்லை. சிலருக்கு வருஷம் ஒரு தரம் போதும், உங்கள் வாய் பட்ட பாட்டுக்கு மூன்று மாதம் என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். அப்படியே போனார். திட்டு மெல்ல மெல்ல மங்கி மறைந்தது. அப்புறம்தான் ஆறு மாதமாயிற்று: பொங்கல் கழிந்து ஒரு தரம், ஆடியில் ஒரு தரம்.

இந்த ஆடியில் ஒரு காலை, டார்ச் அடித்த ராணி "பாஸ்" சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே இடத்தில் வெள்ளையாக ஏதோ. "இன்னா கீது, சொல்லு" என்று வாயைத் திறந்தபடியே கேட்டார் ஏகாம்பரம். ராணி புடவை மாற்றப் போய்விட்டார்.

இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு மாடிப்படி ஏறினார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஏகாம்பரத்தின் கை நாற்காலியோரத்தில் ராணியின் கையைத் தேடிப் பிடித்தது. கடைசியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: நேற்று சூடாக ஏதாவது குடித்தீர்களா?

குடித்தார். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் கிருபாகரன் வண்டியைக் கிளப்பிவிட, கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மடக்கில் வாயில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். வெந்த தோல்தான் வெளுத்திருக்கிறது. எதற்கும் ஆறியதும் வந்து ஒருமுறை காட்டுங்கள் என்றார் டாக்டர். ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீயைக்கூட ஆத்திக் குடிக்கத் தெரியலை இந்த ஆளுக்கு" என்று டாக்டரிடம் புகார் சொன்னார். வெளியே வந்ததும் ஏகாம்பரம், "நீயும் அந்தம்மாவும் இல்லாங்காட்டி இந்த விசிலு இந்நேரம் எவன் வாய்ல இருந்திருக்குமோ" என்றார். ராணி செருப்பை மாட்டிக்கொண்டே, சரி சரி, நட என்றார்.

மறுநாள் காலை, பஸ் பருத்திப்பட்டுக்குள் நுழைந்தது. இடதுபக்கம் பிள்ளையார் கோயில் வந்ததும் பாதி பஸ் அந்தப்பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏகாம்பரம் மட்டும் வலதுபக்கம் திரும்பினார். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, இன்னும் கதவு திறக்காத அந்த மாடியைப் பார்த்து, வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வலது கன்னத்தில் பலமாக. இடது கன்னத்தில், பட்டும் படாமல்.