கடலுக்குள் பேசப் போன சுசித்ரா

சுசித்ராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகியும் தக்காளியும் போடும் குடும்பம். அவளுடைய அப்பா சென்னப்பன், ஊரார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், மகளைக் காது கேளாதோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அவளுக்குக் கையால் பேசும் மொழி கிடைத்தது. பின்னாளில் புருஷனாக வந்த பாலாஜியும் கிடைத்தான். அவனுக்கும் காது கேட்காது. இப்போது இருவரும் ஓசூர்ப் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பாலாஜி ஒரு கம்பெனியில் வெல்டர். சுசித்ரா மின்சார ஸ்விட்ச் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். அவள் கையைத் தாண்டிப் பழுதான ஸ்விட்ச் ஒன்று வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை.

அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவள் அருணா. காது கேட்பவள். சாப்பாட்டு நேரத்தில் சுசித்ராவோடு உட்கார்ந்து உட்கார்ந்தே கைமொழியைக் கற்றுக்கொண்டவள். லைனில் மற்றவர்கள் தமிழிலிருந்து கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் தாவும்போது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் சுசித்ராவுக்குப் பாதையே தவறிவிடும். அப்போதெல்லாம் அருணாவின் கைதான் பிடித்து நிறுத்தும்.

ஒரு நாள் கேண்டீனில் சுசித்ரா போனில் ஒரு வீடியோ காட்டினாள். கடலுக்கடியில் நாலைந்து பேர், முதுகில் காற்று சிலிண்டரோடு, மீன் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் விரலால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாருக்கா," என்றாள் சுசித்ரா கையால். "எல்லாரும் காது கேக்கறவங்கதான். தண்ணிக்குள்ள போனதும் எங்கள மாதிரி ஆயிட்டாங்க. ஆனா பாவம், பேசவே தெரியல. நாலே வார்த்தைதான் வச்சிருக்காங்க."

அருணா சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டாள். "ஏன், போலாம்னு இருக்கியா?"

அந்த நிமிஷம்வரை சுசித்ராவுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. யாராவது கேட்டால்தான் சில ஆசைகள் தலையைத் தூக்கும். "ஆமா," என்று தலையாட்டினாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் பாலாஜிதான் கையாலேயே அலறிவிட்டான். "தென்பெண்ணை ஆத்துலயே நான் முழங்காலுக்கு மேல எறங்கினதில்ல. கடலுக்கு அடியிலயா?"

"நான் பாத்துக்கறேன். நீ லீவு மட்டும் சொல்லி வை."

ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அந்தமான் பயணத்தையும் சுசித்ரா எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மழைக்காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும் என்பதால் பொங்கல் முடிந்த பிறகு போவதென்று முடிவு. பெங்களூரிலிருந்து விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பல், ஸ்வராஜ் தீவில் கடற்கரையோரமாக ஒரு ரிசார்ட், அங்கேயே கடலில் இறக்கிவிடும் ஆட்கள். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே கொஞ்ச ஆழம்வரை கூட்டிப்போவார்கள் என்று தெரிந்துகொண்டாள். கடலில் இறங்கியதும் உடனே விமானம் ஏறக்கூடாது என்பதையும் படித்துவிட்டு, டைவிங்கைப் போனவுடனேயும், ஊர் சுற்றுவதைக் கடைசியிலும் வைத்தாள்.

"ஏன் ஏறக்கூடாது?" என்றான் பாலாஜி.

"சோடா பாட்டில சட்டுனு தெறந்தா எப்படிப் பொங்குது? அந்த மாதிரி ரத்தத்துல காத்து பொங்கிடுமாம்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

முட்டுக்கட்டை போனில் வந்தது. காது கேட்காது என்று எழுதி அனுப்பியதும், முதல் ரிசார்ட்காரர்கள் யாரையாவது பேசச் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து, கம்பெனி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அருணா பேசினாள். சுசித்ரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருணா போனை வைத்துவிட்டு, "ரூம் இல்லையாம்," என்றாள்.

"அக்கா, உன் கை ரூம் இல்லங்குது. புருவம் வேற சொல்லுது. அவங்க என்ன சொன்னாங்களோ அத அப்படியே சொல்லு."

அருணாவால் பொய்யைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. "காது கேக்காதவங்கள எறக்க மாட்டோம்னுட்டாங்க சுசி. ரிஸ்க்காம். பீச்ச சுத்திப் பாத்துட்டுப் போங்கன்றாங்க."

"ஏன் ரிஸ்க்குன்னு கேட்டியா?"

"இல்ல."

"அடுத்த எடத்துல கேளு."

அடுத்த இடத்திலும் அதே பதில். ஏன் என்று கேட்டதும் லைன் துண்டானது. அதற்கடுத்த இடத்தில் பேசியவன் பெயர் ஆனந்த். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், அந்த ரிசார்ட்டில் டைவிங் பயிற்சியாளன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். "நான் இதுவரைக்கும் அப்படி யாரையும் எறக்கினது இல்லக்கா. முடியாதுன்னு சொல்லல. எப்படின்னு தெரியலன்னு சொல்றேன்."

அருணா இதைக் கைமொழியில் சொன்னதும் சுசித்ராவின் முகம் மலர்ந்தது. கேட்கத் தெரியாதவர்களோடுதான் அவளுக்குச் சிரமம். தெரியவில்லை என்று சொல்கிறவனோடு உட்கார்ந்து பேசிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசினார்கள். சுசித்ரா கையால் கேட்டாள். அருணா குரல் கொடுத்தாள். "தண்ணிக்கு அடியில நீங்க வாயால பேசுவீங்களா சார்?"

ஆனந்த் சிரித்துவிட்டான். "பேச முடியாது. ஆனா ஒண்ணு இருக்கு. யாராவது வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா, சிலிண்டர்ல டங்கு டங்குன்னு தட்டுவோம். அவங்க திரும்பிப் பாப்பாங்க. உங்களுக்கு அது கேக்காதே. எனக்கு அதுதான் பயம்."

நியாயமான பயம்தான். சுசித்ரா கொஞ்சம் யோசித்து, டார்ச் அடித்தால் என்ன என்று கேட்டாள். அந்த ஆழத்தில் பகல் வெயிலே நன்றாக இறங்கும், டார்ச் எடுபடாது என்றான் அவன். பிறகு அவனே, "நான் உங்க சிலிண்டர விடவே போறதில்ல. கைக்கெட்டுற தூரத்துலதான் இருப்பேன். தோள்ல தட்டினா திரும்புவீங்களா?" என்றான்.

"எங்க வீட்ல அப்படித்தான் சார் கூப்பிடுவோம்."

கட்டைவிரல் விஷயத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் சுசித்ராவுக்கு 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம். கடலுக்குள்ளோ, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அவள் மீனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் அவன் உடனே மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழிபெயர்க்க வேண்டிய அருணாவோ சிரிப்பில் கையையும் மறந்தாள், குரலையும் மறந்தாள். 'நல்லா இருக்கு' என்பதற்கு வேறு ஒரு சைகை முடிவானது. கடைசியில் ஆனந்த் ஒன்றே ஒன்று கேட்டான்: கடலுக்குள் போனால் காதில் அழுத்தம் ஏறும், இறங்குவதானால் சுசித்ரா, பாலாஜி இரண்டு பேரும் காது டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

அருணாவையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். சுசித்ரா முதலில் அவரை மாஸ்க்கைக் கழற்றச் சொன்னாள், உதட்டைப் பார்க்க வேண்டுமே. அவர் அவள் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லிப் பார்த்தார். மறு காதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காது நல்லா இருக்கு," என்றார்.

சுசித்ரா அருணாவைத் திரும்பிப் பார்த்தாள், தப்பாகப் படித்துவிட்டோமோ என்று. அருணா கையாலும் அதையே சொன்னாள். சுசித்ரா டாக்டரிடம் திரும்பி, இன்னொரு தடவை சொல்லும்படி விரலைக் காட்டினாள்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கேக்காததுக்குக் காரணம் உள்ள இருக்கற நரம்பு. வெளிக் காது, சவ்வு எல்லாம் அருமையா இருக்கு. அழுத்தம் தாங்கும். தாராளமா எறங்குங்க."

பிறந்ததிலிருந்து எத்தனையோ டாக்டர்கள் பார்த்த காது அது. நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு காதையும் கையால் மூடி, கண்ணை இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து பாலாஜி. டாக்டர் அவன் வலக்காதுக்குள் வெகுநேரம் பார்த்தார். சின்ன வயதில் சீழ் பிடித்திருக்கும், சவ்வில் ஓட்டை இருக்கிறது, தலையைத் தண்ணீருக்குள் விடவே கூடாது என்றார்.

பயந்தவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் அருணா நினைத்தாள். ஆனால் வெளியே வந்ததும் பாலாஜி மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பயந்துக்கிட்டே உன்கூட எறங்கிடலாம்னு இருந்தேன்," என்றான்.

"அப்ப நானும் போகல," என்றாள் சுசித்ரா.

அதற்குமேல் அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அவள் ரிசார்ட்டுக்கு வேண்டாம் என்று செய்தியடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள். பாலாஜி அதைப் பார்த்துவிட்டான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததேயில்லை, அன்று பார்த்தாள். அவன் கைகள் காற்றை அறுத்தன. "அவளால முடியாது, அவளுக்கு வேணாம்னு ஊர்ல எத்தன பேர் சொல்லிட்டாங்க உன்ன? இப்ப என்னைக் காரணம் காட்டி நீயே சொல்லிக்கிறியா? நான் படகுல உக்காந்திருக்கேன். நீ போய்ட்டு வந்து சொல்லு."

"வந்து சொல்றதா?" என்றாள் அவள். அந்த வார்த்தையில் அவள் மனம் நின்றுவிட்டது. வந்துதான் சொல்ல வேண்டுமா? உடனே போனை எடுத்து ஆனந்துக்குச் செய்தி போட்டாள். *அடியில் கண்ணாடி வைத்த படகு அங்கே உண்டா? நான் இறங்கும் இடத்துக்கு மேலே அதைக் கொண்டுவந்து நிறுத்த முடியுமா?*

பதில் வர நேரமானது. படகுக்காரரிடம் கேட்டிருக்கிறான். *எலிபண்ட் பீச்சில் உண்டு அக்கா. கடல் அடங்கியிருந்தால் காலையில் முயற்சி செய்யலாம். உறுதி சொல்ல மாட்டேன்.*

அந்த வாரம் ஊருக்குப் போய்ச் சென்னப்பனிடம் சொன்னார்கள். அருணாவும் கூடப் போயிருந்தாள். அவர் கைமொழி முழுசாகத் தெரியாதவர். மகளிடம் பேசும்போது வாயை அகலமாகத் திறந்து பேசுவார். முந்தின வாரம்தான் யானைகள் இறங்கி அவருடைய ராகியைப் பாதிக்குமேல் மேய்ந்துவிட்டுப் போயிருந்தன.

"என்ன பீச்சுன்ன? யானை பீச்சா? இங்க யானைய வெரட்ட முடியலன்னு நான் தகரம் தட்டிக்கினு கெடக்கறேன். நீ யானையத் தேடிப் போறியா?" என்றார். பாலாஜி சிரித்தான். சென்னப்பன் சிரிக்கவில்லை. "தண்ணிக்குள்ள எதுனா ஆச்சுன்னா, நீ கத்துனா யாருக்கும்மா கேக்கும்?"

சுசித்ரா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கையால் சொன்னாள். அருணா அதை அப்படியே குரலில் சொன்னாள். "அங்க யாருமே கத்த முடியாதுப்பா. அதனால எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

சென்னப்பன் வெகுநேரம் மகளையே பார்த்தார். பிறகு, "பாத்துப் போய்ட்டு வா," என்றார், அகலமாக வாயைத் திறந்து.

பிப்ரவரியில் சுசித்ராவும் பாலாஜியும் போனார்கள். ஆனந்த் சொன்ன காலையில் எலிபண்ட் பீச்சில் கடல் அடங்கித்தான் இருந்தது. இறங்கிய உடனே சுசித்ராவின் காதுகளை யாரோ விரலால் அழுத்துவதுபோல் இருந்தது. சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதினாள், அழுத்தம் விலகியது. பவளப் பாறைகளும், மஞ்சளும் நீலமுமாக மீன்களும், மணலில் நெளியும் வெயிலும் அவளைச் சூழ்ந்தன. ஆனந்த் தோளைத் தட்டி மேலே காட்டினான்.

தலைக்கு மேல் படகின் அடிவயிறு. அதன் நடுவில் செவ்வகமாக வெளிச்சம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலாஜியின் முகம்.

*எப்படி இருக்கு?* என்று கேட்டான் அவன் கையால்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மீன் தன் முகமூடியைக் கொத்தப் பார்த்ததை, தண்ணீரின் குளிரை, சீக்கிரம் பழகிவிட்ட மூச்சை. கூட இறங்கியவர்கள் நாலு சைகைகளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். படகில் இருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டியம்மா பாலாஜியின் முழங்கையைப் பிடித்து, அவள் என்ன சொல்கிறாள் என்று ஜாடையில் கேட்டாராம். அவன் எப்படிச் சொல்வான்? கைகளைத் தண்ணீரைப்போல் அலைய விட்டுக் காட்டினானாம்.

கடைசியில் சுசித்ரா அவனிடம் சொன்னது, "பசிக்குது, கரையில ஏதாச்சும் வாங்கி வை" என்பதுதான்.

ஊர் சுற்ற வைத்திருந்த மறுநாள் முழுக்க ரிசார்ட் மணலில் ஆனந்தும் அவனோடு வேலை செய்பவர்களும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மீன், ஆமை, குளிர், பயம், பயமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் என்று ஒவ்வொன்றாக அவள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பாலாஜி பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் தப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.