வளைவில் போன கடிதம்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அப்போது மலைமேல் சிக்னல் கிடையாது. இறங்கும்போது அந்த வளைவில்தான் முதலில் எட்டிப்பார்க்கும். ஜீப் டிரைவர் ஓரங்கட்டி, "டவர் வந்துச்சு, அவங்கவங்க வேலய முடிச்சிக்குங்க" என்பார். ஐந்து நிமிடம். நான் மடிக்கணினியைத் திறந்து, போனோடு இணைத்து, மெயில் பக்கம் சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள், பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த அக்கா தன் கணினியை மூடிவிட்டுக் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

மலையில் விளையும் சாமையையும் தினையையும் வாங்கி வெளியூருக்கு விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஆபீஸ் கள்ளக்குறிச்சியில். அக்கா தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். இருவரும் தற்காலிகம்; ஒரே ஒரு நிரந்தர இடம் வரப்போகிறது என்று மேலாளர் சொல்லியிருந்தார். அக்காவின் கணினியில் ஒரு கறுப்புத் திரை இருந்தது. குறிப்பு எழுதுவதற்கான செயலிதான், படமும் இல்லை, பொத்தானும் இல்லை. விவசாயிகள் பட்டியலும் அதில்தான், மெயிலும் அதில்தான். மலையில் எழுதி, அனுப்பு என்று சொல்லிவிட்டால் கடிதம் உள்ளேயே காத்திருக்கும். சிக்னல் வந்ததும் தானாகப் போய்விடும். வெளியூர் வியாபாரிகளுக்கு எப்போதும் அவர் பதில்தான் முந்தும். மேலாளர் என்னை வைத்துக்கொண்டே அதைப் பாராட்டுவார்.

"எழுதுற எடம் வேற, அனுப்புற எடம் வேறக்கா. அடுப்பு மேலயே எலயப் போட்டுத் துன்னுவாங்களா?" என்று ஒருநாள் வாதாடினேன்.

"நீ எட்த்துக்கினு போறதுக்குள்ள ஆறிப்போவுதே தம்பி" என்று சிரித்தார்.

பொறாமைதான், வேறென்ன. அடுத்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அவருக்குத் தெரியாமல் என் கணினியிலும் அதையே அமைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வெள்ளிமலையில் விவசாயிகள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருவரும் வரவில்லை. மேலாளரின் முகவரியை மேலே போட்டு எழுதினேன்: அக்கா களத்துக்கே போவதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே சாமையின் தரத்தை இட்டுக்கட்டி எழுதுகிறார் என்று. பச்சைப் பொய். அனுப்புவதற்காக எழுதவில்லை. ஆத்திரம் வந்தால் இப்படி எழுதி வைத்து மறுநாள் அழிப்பது என் வழக்கம். சேமிக்க இரண்டு விசைகள், அனுப்ப வேறு இரண்டு. கை பழகவில்லை. எதை அழுத்தினேன் என்று பார்க்கவுமில்லை. சிக்னல் இல்லாத இடம், எதுவும் நடந்ததாகவும் தெரியவில்லை.

வளைவில் ஜீப் நின்றது. கணினியைத் திறந்து போனோடு இணைத்ததும் திரையின் அடியில் ஒரு வரி வந்தது: ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. அன்று நான் வேறு கடிதமே எழுதியிருக்கவில்லை. ஜீப் கிளம்ப இன்னும் மூன்று நான்கு நிமிடம் இருந்தது. நான் எழுதியது பொய் என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த நிரந்தர இடம் கண்முன் வந்து நின்றது. அக்கா பாதிக் கொய்யாவை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

மேலாளர் விளக்கம் கேட்டு, என் கடிதத்தையே அக்காவிடம் காட்டினார். அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"கை தவறிப் போயிடுச்சுக்கா" என்றேன்.

"கை தவறி இன்னா பண்ண? அனுப்புனியா, எழுதுனியா?"

அக்கா மேலாளருக்கு விளக்கம் எதுவும் கொடுக்காமல் அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுவிட்டார். இடம் எனக்குக் கிடைத்தது.

இப்போது வெள்ளிமலையிலேயே டவர் இருக்கிறது. நான் எழுதுவது ஒரு செயலியில், அனுப்புவது இன்னொன்றில். ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள். அக்காவுக்கு இரண்டும் ஒன்றாக இருந்ததில் ஆபத்தில்லை. அடுத்தவர் படிக்கக் கூடாத எதையும் அவர் எழுதியதில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பொறாமை மட்டும் என்னை விடவில்லை. ஜீப் இப்போதெல்லாம் அந்த வளைவில் நிற்பதில்லை. ஆனாலும் அங்கே வந்ததும் என் கை தானாக மடிக்கணினியை மூடிவிடுகிறது.