மூலையில் விழுந்த கோடு

ரெண்டு லென்ஸ் கையில் கிடைத்தால் ரெண்டையும் மோதவிட்டுப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு கிறுக்கு. அறுபதுகளின் கடைசியில் கோயமுத்தூர்ப் பக்கம், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற ராயபுரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு ஒரு பழைய வைடு லென்ஸ் இருந்தது, யுத்தத்துக்கு முந்தின சரக்கு. கிட்டே நின்றாலும் அகலமாய்ப் பிடிக்கும். படம் நடுவில் நன்றாக விழும். மூலையெல்லாம் கஞ்சித் தண்ணியாய்க் கலங்கிவிடும். கோயமுத்தூர்க்காரர் ஒருவர், பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று புதுசு ஒன்றைக் கொடுத்திருந்தார்.

என் சம்சாரம் பனியன் மடிக்கப் போன கம்பெனி ஷெட் நீளம், ஆனால் குறுகல். பின்னால் நகர இடமிருக்காது. வைடு லென்ஸுக்கு அதைவிட நல்ல சோதனை ஏது? ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாதபோது, கேட்டுக்கொண்டு போய், ஸ்டாண்டை நகர்த்தாமல் பழசில் ஒன்று, புதுசில் ஒன்று எடுத்தேன். அன்றைக்கே கழுவிப் பெரிய பிரிண்டும் போட்டேன்.

அடேயப்பா, புதுசு என்னமாய் விழுந்திருந்தது! பழசின் இடது மூலையில் வெறும் மங்கல். புதுசில் அதே மூலையில், சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, தலைமுடி கணக்காய், துளி பிசிறில்லை. கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அந்தக் கோட்டைத்தான் நாலு நாளும் காட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் சலித்துக்கொண்டாள். "ஏனுங்க, மேல டேங்க்குல தண்ணி ஏத்தறப்பெல்லாம் மடிச்சு வெச்ச பனியன் மேல சுண்ணாம்பாக் கொட்டுதுங்க. மேஸ்திரி என்னையப் புடிச்சு வையறாரு."

"உதறிப்போட்டு மடி" என்றேன். அவ்வளவுதான் என் அக்கறை.

அவள் போனபிறகு பிரிண்டை மறுபடி எடுத்தேன். கோட்டுக்கு நேர் கீழே ஒரு மணை. அவள் உட்காருகிற மணை. அந்தச் சுவருக்கு மேலேதான் தண்ணீர்த் தொட்டி. அட பாவி, அது விரிசல்டா!

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஒவ்வொரு சந்து திரும்பும்போதும் அந்தப் பக்கம் கூட்டம் நிற்குமோ, அழுகுரல் கேட்குமோ என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை.

ஷெட்டுக்குள் நுழைந்தால், அவள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "எந்திரி புள்ள!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க, அல்லாரும் பாக்கறாங்க" என்றாள் கோபமாய். மேஸ்திரி என்னைத் திட்டிக்கொண்டே வந்து, நான் காட்டிய இடத்தில் கையை வைத்தார். படத்தில் தலைமுடியாய்த் தெரிந்த கோட்டில் அவர் விரலே உள்ளே போனது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவர் போட்ட கூச்சலில் அத்தனை பெண்களும் வெளியே ஓடிவந்தார்கள்.

மத்தியானம் சுவர் சரிந்தது. தொட்டி அவள் மணை மேலேயே இறங்கியது.

ஊட்டுக்கு வந்ததும் முதல் காரியமாய், "அதை எப்பங்க பாத்தீங்க?" என்றாள்.

"காத்தாலதான் புள்ள. பாத்ததும் ஓடியாந்தேன்."

"தெய்வமாட்ட வந்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிரிண்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நாலு நாளாய் அதைப் பார்த்தவர்களில் எவனாவது ஒருத்தன் அவளிடம் வாயைத் திறந்துவிடுவானோ என்று அன்றைக்குப் பிடித்த பயம், அவள் கண்ணை மூடும்வரை என்னை விடவில்லை.