வீரப்பனின் இரண்டு வாளி

துணியைப் பிழிந்து முடித்ததும் வீரப்பன் தன் விரல்களை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். முதலில் வலது கை, பிறகு இடது கை. சந்தேகம் இருந்தால் மறுபடி சோப்புப் போடுவார், மறுபடி மோந்து பார்ப்பார். குழாய்த் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். விரலெல்லாம் விறைத்து மடங்காது. மனசு ஒப்பிய பிறகுதான் வீட்டுக் கதவில் கை வைப்பார். அதுவரைக்கும் அவருக்குக் கதவைத் திறப்பது முழங்கைதான்.

குழாயடியில் அவருக்கு இரண்டு வாளி. சிவப்பு அவருடையது, நீலம் அவர் மனைவி பாஞ்சாலையுடையது. சிவப்பு வாளித் துணி லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளை ஒட்டிய கம்பி வேலியில் காயும். நீல வாளித் துணி தகரக் கூரைக்கு அடியில், கொடியில். இந்த மலையில் எங்கே போட்டாலும் துணி ஒழுங்காகக் காயாது. மத்தியானம் திரும்பினால் மூடுபனி வந்து, காய்ந்ததையும் நனைத்துவிட்டுப் போகும். இருந்தாலும் இரண்டும் ஒரே கொடியில் தொங்கக் கூடாது. ஒருமுறை பக்கத்து வீட்டு ரஞ்சிதம், மழை வருகிறதே என்று இரண்டையும் ஒன்றாய் வாரி உள்ளே வைத்தாள். உபகாரம்தான் செய்தாள். வீரப்பன் அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அவ்வளவு துணியையும் திரும்ப வாளியில் போட்டு முதலிலிருந்து துவைத்தார். அன்றிலிருந்து வானமே இடிந்து விழுந்தாலும் ரஞ்சிதம் அந்தக் கொடிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

பாஞ்சாலையின் சேலை, ரவிக்கை, உள்பாவாடை எல்லாம் அவர் கையால்தான் துவைபடும். லயத்து ஆண்களுக்கு இது நல்ல தீனி. வேலை முடிந்து போகிறவர்கள் குழாயடியில் ஒரு நிமிஷம் நின்று, அண்ணி சேலைக்குக் கஞ்சி போட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வீரப்பன் தலை தூக்க மாட்டார்.

"ஒன் பொண்டாட்டி சேலையையும் கொண்டாடா, அதையும் அலசித் தர்றேன். அவ கட்டுன சேல என்னா நெறம்னு ஒனக்குத் தெரியுமா மொதல்ல?" என்பார். கேட்டவன் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டிவிடுவான்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பாஞ்சாலையிடமிருந்தும் ஒரு குரல் வரும். "முடிஞ்சுதா மோந்து பாத்து? சோறு ஆறுது."

அவர் மகள் நளினி, கீழே டவுனில் ஹோட்டல் வேலை செய்கிறவள், கைக்கு உறை போட்டுக்கொண்டு துவைக்கலாமே என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். கையுறைக்குப் பஞ்சமில்லை. வீட்டு அலமாரி மேல் ஒரு பெட்டி, சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரியாமல் இருக்கிறது. கப்பலில் கொடுத்தது. வீரப்பன் அதைத் தொடுவதும் இல்லை, தூக்கி எறிவதும் இல்லை.

இளம் வயதில் வீரப்பன் தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தவர். பிறகு திரிங்காப் பக்கம் ஒரு சரிவை வாடகைக்கு எடுத்து முட்டைக்கோஸ் போட்டார். பாஞ்சாலை தேயிலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் குடியிருப்பு மட்டும் லயத்திலேயே நின்றுவிட்டது. தேயிலையானாலும் கோஸானாலும் அவர் முதுகை விட்டு மருந்துத் தொட்டி இறங்கவில்லை. நாள் முழுக்க அடித்துவிட்டு வந்து பின்வாசலில் சட்டையைக் கழற்றிப் போடுவார். ஈரம் சொட்டும், நெடி அடிக்கும். பாஞ்சாலை அதை வெறுங்கையால் எடுத்து ஊறப்போட்டுக் கசக்குவாள். அவள் சேலையும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் அதே தண்ணீரில்தான். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. தன் புருஷன் சட்டையில் கறை நின்றதாக ஒருத்தியும் சொல்ல முடியாது என்பாள்.

பிறகு அவள் நகங்கள் கறுத்தன. விரல் இடுக்கில் தோல் வெடித்தது. கொஞ்ச காலத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சேலையில். தேயிலைக் கொழுந்து விரலில் நிற்காமல் போய், வேலையை விட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க இப்ப. வீட்ல சும்மாதான் இருக்கேன்."

கணவர் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. மருந்தடிக்கிற துணியை யார் துவைப்பது என்பது அதற்கடுத்த கேள்வி. பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாமா கேட்பார்கள் என்று, "நாந்தான். வேற யாரு?" என்றாள். அதனால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது நிமிர்ந்து ஒருதரம் வீரப்பனைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வீரப்பன் பிரிஞ்சாங் டவுனில் இறங்கி இரண்டு வாளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் பாஞ்சாலை ஈரத்துணியைத் தொட்டதில்லை. தொட அவர் விட்டதில்லை.

மருந்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஒரு வாரம் அடிக்காமல் விட்டால் கோஸ் இலை சல்லடையாகிவிடும். காய்கறி ஏற்ற வரும் லோரிக்காரன் கூடையைக் காலால் தள்ளிவிட்டுப் போவான். ஆகவே அடித்தார், வாங்கினார், மறுபடியும் அடித்தார். கம்போங் ராஜாவில் அவர் வாங்கும் கடைக்கு மருந்து போடும் கம்பெனி, போன வருஷம் ஒரு பரிசு அறிவித்தது. அதிகமாக மருந்து வாங்கின தோட்டக்காரர்களுக்குக் கப்பலில் உல்லாசப் பயணம், ஜோடியாக. கம்பெனியின் விற்பனை ஆள் சுகுமாரன் பல்லெல்லாம் தெரிய லயத்துக்கு வந்து சேதி சொன்னான். இந்த வட்டாரத்துக்கே வீரப்பன்தான் முதல் ஆளாம்.

வீரப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்து வாங்குனவனுக்குக் கப்பலு. மருந்து குடிச்சவனுக்கு என்னாடா தம்பி குடுப்பீங்க?"

சுகுமாரன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பத்தான் வீரப்பன் வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து பாஞ்சாலை வந்து நின்றாள். பினாங்கு போனபோது பஸ் ஜன்னலில் கடலைக் கண்டிருக்கிறாள். அது போதாதாம். சுற்றிலும் தண்ணீராக நிற்க வேண்டும், கரையே தெரியக் கூடாது, பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். அவள் வாய்விட்டு ஒன்று கேட்பது அபூர்வம். வீரப்பன் வாயை மூடிக்கொண்டார்.

வினை ஒரு சட்டையில் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் கம்பெனி எல்லாருக்கும் நீல நிறத்தில் குளிர்ச்சட்டை கொடுத்திருந்தது, முதுகில் மருந்தின் பெயரும் பச்சை இலையும். காலைக் குளிருக்கு இதமாக இருந்ததால் வீரப்பன் அதைப் போட்டுக்கொண்டுதான் மருந்தடித்தார். சும்மா வந்த சட்டைக்கு வேறென்ன வேலை? இப்போது சுகுமாரன், கப்பல் விருந்துக்கும் போட்டோவுக்கும் எல்லாரும் அதே சட்டையில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டான். வீரப்பன் அதைத் துவைத்தார், வேலியில் போட்டார், பனியில் நனைந்ததைத் திரும்பத் துவைத்தார். நெடி போவேனா என்றது. கடைசியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தனியே வைத்தார். கிளம்புகிற அன்று பாஞ்சாலைக்கு மானம் பிடுங்கித் தின்றது. மார்க்கெட்டுக்குக் கோஸ் கொண்டுபோகிற பையைத் தூக்கிக்கொண்டா கப்பல் ஏறுவது? அவர் மோட்டார் சைக்கிளைப் பூட்டப் போன நேரத்தில் பையைப் பிரித்து, சட்டையை நேர்த்தியாக மடித்துப் பெட்டிக்குள் தன் சேலைகளுக்கு மேலே வைத்து, வெறும் பையை ஓரத்தில் செருகி மூடினாள்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். கொடுத்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடல் படம் மாட்டியிருந்தது. வீரப்பன் பெட்டியைத் திறந்தார். நெடி முகத்தில் அறைந்தது.

பாஞ்சாலை ஒரு சேலையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் நாறல. நீங்களா நெனச்சுக்கிறீங்க."

அவர் அவளுடைய துணி அத்தனையையும் வாரிக்கொண்டு குளியலறைக்குள் போனார். சட்டையைத் திரும்பப் பையில் கட்டித் தொட்டிக்கு அடியில் திணித்தார். கை கழுவும் தொட்டியோ சோற்றுச் சட்டி அளவுதான். ஒரு சேலை போட்டால் மறு சேலைக்கு இடமில்லை. ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த கட்டி சோப்பைப் போட்டுக் கசக்கினார். குளிக்கிற இடத்துச் சுவரில் துணி காயப்போட, இழுத்தால் வருகிற ஒரு கயிறு இருந்தது. அதைக் கண்டதும், அந்தக் கப்பலைக் கட்டினவன் ஒருத்தனாவது துணி துவைக்கிறவன் என்று அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அடியில் தரை மெல்ல அதிர்ந்தது. பாஞ்சாலை கட்டியிருந்த ஒரே சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"கப்பல் கெளம்புது. வர்றீங்களா இல்லையா?"

இதோ வருகிறேன், இன்னும் இரண்டுதான் என்றார்.

"கடலு பாக்க வந்தோமா, துணி தொவைக்க வந்தோமா?"

அவள் தனியாகத்தான் மேலே போனாள். கடைசிச் சேலையை அவர் உதறிப் போடும்போது திரும்பி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடல் படத்தைப் பார்த்துக்கொண்டு, "கர போயிருச்சு. நீங்க பாக்கல," என்றாள். நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம் என்றார் அவர்.

மறுநாள் மாலை விருந்து. மண்டபம் முழுக்க நீலச் சட்டைகள். வீரப்பன் மட்டும் வெள்ளைச் சட்டையில் வந்தார். வாசலிலேயே சுகுமாரன் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஜெக்கெட் எங்கண்ணே? பெரிய பாஸ் வந்திருக்காருலா. நீங்கதான் நம்பர் ஒன்னு."

அது போட முடியாது, துவைக்க வேண்டும் என்றார் வீரப்பன்.

"இங்க வந்துமா? கப்பல்ல ஏறி தோபி வேல பாத்த மொத ஆளு நீங்கதாண்ணே!"

வாசலை ஒட்டிய மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் மற்றவருக்குச் சொல்ல, அடுத்த மேசையும் சிரித்தது. பெயரைக் கூப்பிட்டதும் சுகுமாரன் தன் சட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. முன்பக்கம் சேரவில்லை. மேடையில் பாஸ் அவர் தொப்பையைத் தட்டி, இவர் கோஸைப் பூச்சிக்குக் கொடுக்காமல் இவரே சாப்பிட்டுவிடுகிறார் என்று மைக்கில் மலாயில் சொன்னார். கை தட்டினார்கள். வீரப்பன் கீழே பார்த்தார். பாஞ்சாலையின் நாற்காலி காலியாக இருந்தது.

பரிசு ஒரு பெட்டி. பளபளப்பான தாளைச் சுற்றியிருந்தார்கள். தாளைக் கிழித்துக் கூட்டத்துக்குக் காட்டச் சொன்னார்கள். கிழித்துக் காட்டினார். மருந்தடிக்கும்போது போடுவதற்கான கையுறை, முகமூடி, கண்ணாடி. பிளாஸ்டிக்கில் இறுக்கி வைத்திருந்தது. உங்கள் பாதுகாப்பு எங்கள் அக்கறை என்று பாஸ் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீரப்பன் அறைக்கு வந்தார். குளியலறை விளக்கு எரிந்தது. தொட்டிக்குள் நீலச் சட்டை. பாஞ்சாலையின் இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே நுரைக்குள் இருந்தன. சிவப்புப் பை பிரிந்து காலடியில் கிடந்தது.

"கைய எடு," என்றார்.

அவள் எடுக்கவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தேய்த்தாள். கை நடுங்கி நடுங்கித் தேய்த்தது. நாளைக் காலையில் மேல்தளத்தில் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கிறார்கள், அதற்குள் காய்ந்துவிடும், அடுத்தவன் சட்டையில் அவர் கோமாளி மாதிரி நிற்க வேண்டாம் என்றாள்.

"கைய எடு பாஞ்சால. சொல்றேன்ல."

அப்போதுதான் அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை. "நளினி வயித்துல இருக்கப்பவும் இந்தக் கையிதான் ஒங்க சட்டைய தொவச்சுச்சு. அப்பல்லாம் பின்வாசல்ல கழட்டிப் போட்டுட்டு சோறு கேட்டீங்க. அன்னிக்கு எங்க போயிருந்துச்சு இந்தப் பயம்?"

வீரப்பன் பெட்டியைக் கீழே வைத்தார். அவள் கைகளை நுரையிலிருந்து பிடித்து இழுத்தார். அவள் திமிறவும் இல்லை, இணங்கவும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சோப்பு முந்தின நாளே கரைந்துபோயிருந்தது. கப்பலில் வைத்திருந்த வாசனைச் சோப்பு ஒரு பிஸ்கட் அளவு. அதை எடுத்து அவள் உள்ளங்கை, புறங்கை, வெடித்த விரல் இடுக்கு, கறுத்த நகத்தின் ஓரம் எல்லாம் தேய்த்தார். கழுவினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். கழுவினார். மோந்து பார்த்தார். மேலே எங்கேயோ பாட்டுப் போட்டு ஆடுகிற சத்தம் கேட்டது. சோப்பு அவர் விரலிடுக்கில் ஒரு சில்லாகி உடைந்தது.

"நாறுதா இன்னும்?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

வீரப்பன் அவள் கையை விடாமல், முழங்கையால் குழாயை மறுபடியும் திறந்தார்.