ரெண்டு டைமண்டுக்கு என்ன அர்த்தம்?

கூட்டாளியோடு பேசிவைத்த சங்கேதத்தை எதிராளிக்கும் விளக்கிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அவரை ஜெயிக்க உங்களுக்குத் தைரியம் உண்டா? பிரிட்ஜ் சீட்டாட்டம் கேட்பது அந்தத் தைரியத்தைத்தான்.

தி.நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜுவேரியாவுக்கு ஆட்டம் பிடித்துப்போனதே இதனால்தான். ஊரடங்கில் மொபைலில் கற்றுக்கொண்டாள். சீட்டைப் போடும் முன், எந்த இனத்தில் எவ்வளவு பிடிப்போம் என்று ஏலம் கேட்பார்கள். ஒவ்வொரு ஏலமும் கூட்டாளிக்குப் போகும் சேதி. மொபைலில் அதன்மேல் விரலை வைத்தால் அர்த்தம் வந்து நிற்கும், எதிராளிக்கும் சேர்த்து.

மயிலாப்பூர் கிளப்பில் அவளுக்கு வாய்த்த ஜோடி கல்யாணராமன், ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியார். எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று இருவரும் ஒரு மாதம் சண்டை போட்டு முடிவு செய்தார்கள்.

"நீரஜாவைக் கல்யாணம் பண்ணிக்கறச்சேகூட இவ்ளோ கண்டிஷன் பேசலைம்மா."

"பேசியிருந்தா மாமி தப்பிச்சிருப்பாங்க சார்."

மாநிலப் போட்டிக்கான கிளப் அணியில் ஒரு ஜோடிக்குத்தான் இடம் மிச்சம். தேர்வு ஆட்டத்தில் இவர்களும், கிளப் செயலாளர் பரத்வாஜும் அவர் மைத்துனரும் சமமாக வந்து நின்றார்கள். பாக்கி ஒரே ஒரு ஆட்டம்.

சீட்டைப் பிரித்ததும் பரத்வாஜ் ஏலத்தைத் தொடங்கினார். "ரெண்டு டைமண்ட்."

அடுத்து ஜுவேரியாவின் முறை. அவள் கையிலோ டைமண்டாகக் கொட்டிக் கிடந்தது. அவரிடமும் டைமண்ட் என்றால் பேசாமல் 'பாஸ்' சொல்லி ஒதுங்கிவிடலாம். ஆனால் ஏதோ இடித்தது. ஒருவர் கேட்ட ஏலத்துக்கு அவருடைய கூட்டாளிதான் விளக்கம் தர வேண்டும். மைத்துனரோ மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சார், இந்த ரெண்டு டைமண்டுக்கு என்ன அர்த்தம்?"

மைத்துனர் வாயைத் திறக்கும் முன் பரத்வாஜ் சிரித்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதாம்மா. நாங்க வருஷக்கணக்கா ஆடிண்டிருக்கோம். மொபைல்ல கத்துண்டவாளுக்கு..."

"மொபைல்ல கேட்டா பதில் வருது சார்."

"விட்டுடேம்மா," என்று கல்யாணராமன் முணுமுணுத்தார். "செக்ரட்டரியோட எதுக்கு வம்பு? டீம் பக்கமே நம்மள அண்ட விடமாட்டார்."

எல்லாருக்கும் தெரிஞ்சதாம்! ஊரில் பாதி அநியாயம் இந்த வார்த்தையின் மேல்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த 'எல்லாரும்' யார் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஜுவேரியா கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள்.

நடுவர் மஹதிக்கு வயதும் குறைவு, வளைந்துகொடுக்கும் பழக்கமும் குறைவு. விஷயத்தைக் கேட்டுவிட்டு மைத்துனரிடம் திரும்பினாள். "சொல்லுங்கோ மாமா."

அவர் கனைத்தார். "டைமண்டே இருக்காது. ஹார்ட், இல்லேன்னா ஸ்பேட், ஆறு சீட்டு இருக்கும். கை வீக்கு."

"இதை அவா கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க 'அலர்ட்'னு சொல்லி அவாளை உஷார்ப்படுத்தியிருக்கணும். ரகசியமா வெச்சுக்க இது லவ் லெட்டரா?"

ஜுவேரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூணு டைமண்ட்." கல்யாணராமனுக்கும் இப்போது தெம்பு வந்துவிட்டது, ஐந்துக்கு உயர்த்தினார். கேட்டதை அவள் சிந்தாமல் சிதறாமல் ஆடி முடித்தாள். அணியில் இடம் இவர்களுக்கு.

"அதிர்ஷ்டம்," என்றார் பரத்வாஜ்.

"இல்ல சார், விளக்கம்."

அபார்ட்மெண்ட் சங்கமோ, ஆபீஸ் மீட்டிங்கோ, உங்களுக்குத் தெரியாத ஒன்றை 'எல்லாருக்கும் தெரிஞ்சது' என்று சொல்லி யாராவது உங்கள் வாயை அடைத்தால், தலையாட்டாதீர்கள். எல்லார் முன்னாலும் அர்த்தம் கேளுங்கள்.