பாதி மாத்திரை

கட்டடத்துல கம்பி கட்டுறவங்ககிட்ட என் அண்ணனைப் பத்திக் கேளுங்க, தங்கமான மனுஷன்னு சொல்வாங்க. பன்னோ பீடியோ, எது கைக்கு வந்தாலும் பிச்சுப் பாதியைப் பக்கத்துல நீட்டிடுவான். அதனால அவனுக்குப் பேரே 'பாதி'. என் வீட்டுக்காரர் லாரியில ஊர் ஊராப் போறவர். எனக்கு ஆறாம் மாசம் ஆனதும், தனியா இருக்காதேன்னு அண்ணன்தான் தன் ஒத்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்தான். கட்டில் எனக்கு, தரை அவனுக்கு. அந்தப் பாசத்தைத் தூக்கி உடைப்புல போட!

நான் வர்றதுக்கு முன்னாடியே அவனுக்கு மலேரியா வந்திருந்தது. கான்கிரீட் இறுகணும்னு மாடித் தளத்துல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவாங்க இல்லையா, அங்கதான் கொசு முட்டை போட்டிருக்கு. ஊரே சாக்கடையைத் திட்டும். அந்தச் சனியனுக்குத் தெளிஞ்ச தண்ணிதான் வேணுமாம். ஆஸ்பத்திரியில ரத்தத்துல இருக்கிற கிருமிக்கு ஒரு மாத்திரையும், ஈரல்ல ஒளிஞ்சிருக்கிறதுக்கு ரெண்டு வாரத்துக்கு இன்னொண்ணும் குடுத்தாங்க. முழுசாச் சாப்பிட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான்.

போன மாசம் திரும்பவும் அவனுக்குக் குளிர் வந்துச்சு. மழையில நனைஞ்சதுன்னான். இப்போ எனக்கு வந்துடுச்சு. போர்வைக்குள்ள உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டப்போ, வயித்துல பிள்ளை அசையுதான்னு கையை வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வேற எந்த நினைப்பும் இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அவர் மாத்திரையைப் பாதியில விட்டிருப்பார்மா. ஈரல்ல தூங்கினது எழுந்து திரும்ப ரத்தத்துக்கு வந்திருக்கும். அவரைக் கடிச்ச கொசு அதை உறிஞ்சி, அது வயித்துல பத்துப் பன்னெண்டு நாள் வளர்ந்து, எச்சிலுக்கு வந்திருக்கும். அடுத்து உங்களைக் கடிச்சிருக்கு."

வீட்டுக்கு வந்தா, அண்ணன் சுவரோரமா சுருண்டு நடுங்கிட்டிருக்கான்.

"மாத்திரையை என்ன பண்ணினே?"

"காய்ச்சல் விட்டுடுச்சும்மா. கொத்தனாருக்கும் வாட்ச்மேனுக்கும் அதே குளிர். ஆளுக்குக் கொஞ்சம்..."

"அடப்பாவி! அவங்களுக்கும் அரைகுறைதானா? இன்னும் எத்தனை பேர் ரத்தத்துல இது ஓடுது?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சான். நாலஞ்சு மாத்திரை. "உனக்கு வந்தா ஆகுமேன்னு எடுத்து வெச்சேன். இந்தா."

எனக்கு ஆத்திரத்துல கண்ணு இருண்டுடுச்சு. பிள்ளைத்தாச்சி அந்த ஈரல் மாத்திரையைத் தொடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. வயித்துல இருக்கிறதோட ரத்தம் அதைத் தாங்குமான்னு பார்க்க வழியில்லையாம். ரத்தத்துல இருக்கிற கிருமியை மட்டும்தான் இப்போ அடக்க முடியும். ஈரல்ல இருக்கிறது பிரசவம் வரைக்கும் அங்கேயே கிடக்கும். எப்போ எழும், எழுந்தா பிள்ளையை என்ன பண்ணும்னு டாக்டரம்மாவாலயே சொல்ல முடியலை.

பொட்டலத்தைத் தட்டிவிட்டேன். "எல்லாருக்கும் பாதி குடுப்பே. எனக்கு மட்டும் நோயை முழுசாக் குடுத்துட்டியேடா!"

'டா' போட்டு அவனைப் பேசினது அதான் முதல் தடவை. அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"எழுந்திரு. அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

சுவரைப் பிடிச்சு எழுந்து, என் தோளுக்காகக் கை நீட்டினான். நான் தோளைக் குடுக்கலை. வயித்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடந்தேன்.